பக்கத்தில் இருந்து பார்க்கிற படிப்பு

1937 நவம்பரில் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’ இதழில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டரின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் ஈஸ்ட் பிராவிடன்ஸ் ஊரில், குழந்தைகளுக்கென்றே 1931இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையை நடத்திவந்தவர் அவர். 5 முதல் 14 வயதுக்குட்பட்ட 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தை ஒரு வாரம் கொடுத்தார். அவர்களில் 14 பேரின் பள்ளிப் படிப்பு கண்கூடாக மாறியது. மருந்து தொடங்கிய நாளே மாற்றம் தெரிந்தது, நிறுத்திய நாளே போய்விட்டது. இன்று உலகம் முழுக்க கவனக்குறைவுக்கும் துறுதுறுப்புக்கும் குழந்தைகளுக்குத் தரப்படும் மாத்திரைகளுக்கு ஆதி இந்தச் சில பக்கங்கள்தான்.

கட்டுரையைவிட அது பிறந்த கதை முக்கியம். அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது. மூளையைப் படமெடுக்க, முதுகெலும்பில் ஊசி போட்டு மூளையைச் சூழ்ந்த திரவத்தை வடித்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்குப் பிறகு குழந்தைகளுக்குத் தலைவலி பிளக்கும். திரவம் சீக்கிரம் ஊறினால் வலி அடங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பிராட்லி பென்செட்ரினைக் கொடுத்தார். தலைவலி ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு பள்ளி இருந்தது. நேற்றுவரை இரண்டு வரிகூட எழுதாமல் எழுந்து ஓடிக்கொண்டிருந்த பையன் இன்று உட்கார்ந்து கணக்கை முடிப்பதை அங்கிருந்த ஆசிரியைகள் கவனித்தார்கள். பிள்ளைகளே அதற்கு ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வது வழக்கம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். தலைவலிக்குக் கொடுத்த மருந்து வகுப்பறையில் என்ன செய்தது என்பது எப்படித் தெரிந்தது? குழந்தைகள் மாதக்கணக்கில் அங்கேயே குடியிருந்தார்கள். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், சண்டை போடும்போதும், பாடம் படிக்கும்போதும் அவர்களைத் தெரிந்த பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தார்கள். வாரம் ஒருமுறை வந்துபோகிற குழந்தையிடம் இந்த மாற்றம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அந்த மருத்துவமனையின் தோற்றமே ஒரு மூளைக் காய்ச்சலில் இருக்கிறது. ஜார்ஜ் பிராட்லி என்ற செல்வந்தர், அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தொலைபேசித் தொழிலில் ஆரம்பத்திலேயே சேர்ந்து பணம் பார்த்தவர். அவருடைய ஒரே மகள் எம்மாவுக்கு ஏழு வயதில் மூளையழற்சி வந்தது. உயிர் பிழைத்தாள், ஆனால் வலிப்பும் அறிவுக் குறைபாடும் வாழ்நாள் முழுக்க நின்றுவிட்டன. காசு எவ்வளவு இருந்தும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் இல்லை. 1906இல் இறந்த தகப்பனார், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் கட்டவேண்டும் என்று உயில் எழுதிவைத்தார். அது கட்டிடமாக எழுந்து நிற்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. மேலே சொன்ன டாக்டர் பிராட்லி அதே குடும்பத்தவர்தான்.

இடைப்பட்ட காலத்தில் முதல் உலகப்போரை ஒட்டி இன்னொரு மூளையழற்சி, தூக்கநோய் என்று பேர்பெற்ற ஒன்று, பல நாடுகளில் கொள்ளைநோயாகப் பரவியது. பிழைத்த பெரியவர்களில் பலர் உறைந்துபோனார்கள். குழந்தைகளோ வேறு மாதிரி ஆனார்கள். சமர்த்தாக இருந்த பிள்ளை திடீரென்று அடிக்கவும் திருடவும் ராத்திரியெல்லாம் விழித்திருக்கவும் தொடங்கியது. வளர்ப்பு சரியில்லை என்று தாயைத் திட்டிப் பழகிய ஊருக்கு இது பெரிய அதிர்ச்சி. மூளையில் ஏற்பட்ட புண் ஒரு குழந்தையின் ‘குணத்தையே’ மாற்றும் என்று கண்ணெதிரே தெரிந்துவிட்டது. குழந்தைகளுக்கான நரம்பியல் உளவியல் என்று இன்று ஒரு துறை இருக்கிறதென்றால், அதன் வேர்களில் ஒன்று இந்தப் பிள்ளைகளின் வீடுகளில்தான் இறங்கியிருக்கிறது. பிராட்லி மருத்துவமனையும் மூளையை விடவில்லை. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து அமெரிக்காவிலிருந்து வெளிவந்த முதல் ஆய்வுக்கட்டுரை, 1935இல் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் லியோனார்ட் கார்மைக்கேலும் எழுதியது, இங்கே அமைந்த ஆய்வுக்கூடத்தின் வேலைதான்.

இந்தத் துறை பயன்படுத்தும் சோதனைகள் வந்த வழி வேறு. பாரிஸில் 1905இல் பினேயும் சிமோனும் பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். நியூயார்க்கின் பெல்வியூ மனநல மருத்துவமனையில் தலைமை உளவியலாளராக இருந்த டேவிட் வெக்ஸ்லர் 1939இல் பெரியவர்களுக்கு ஒன்று, 1949இல் குழந்தைகளுக்கு ஒன்று என்று வெளியிட்டார். வார்டுக்கு வந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்த கருவிகள் அவை. அச்சாகிப் பெட்டியில் வெளியே போனதும் கதை மாறிவிட்டது. எண் மட்டும் போதும் என்று ஆனது. 100 சராசரி, 70க்குக் கீழே போனால் தனி வகுப்பு. கலிபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகளை அந்த எண்ணை வைத்தே கூட்டம் கூட்டமாகத் தனி வகுப்புகளுக்குத் தள்ளியதை 1979இல் லாரி பி. வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. கருவியில் பிழையா, அதைப் பிடித்திருந்த கையில் பிழையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. இரண்டிலும்தான் என்பேன்.

அந்தத் தீர்ப்புக்கு நான்கு வருடம் முன்பே, 1975இல், குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளியில் படிப்பு உண்டு என்று அமெரிக்காவில் சட்டம் வந்திருந்தது. நாடு முழுக்கப் பள்ளிகள் ஒரே நேரத்தில் ஒரே கேள்வி கேட்டன: இந்தப் பிள்ளைக்கு என்னதான் பிரச்சினை? பதில் சொல்ல ஆள் வேண்டும். உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய யாரும் சோதனைப் பெட்டியைத் திறந்து தன்னை நரம்பியல் உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நிலை நெடுநாள் நீடித்தது. 1997 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் கூடிய மாநாடுதான் அதற்கு வரம்பு கட்டியது. முனைவர் படிப்பு, அதற்குள் ஒரு வருட மருத்துவமனைப் பயிற்சி, பட்டம் வாங்கிய பிறகு மேலும் இரண்டு வருடம் மூத்தவர்களின் கண்காணிப்பில் வேலை. 2022இல் மினியாபொலிஸில் கூடி இந்த விதிகளைப் புதுப்பித்தார்கள்.

பட்டம் வாங்கிய பிறகும் இரண்டு வருடமா என்று கேட்பவர்கள் உண்டு. வயது முப்பதைத் தொட்டிருக்கும், படிப்புக் கடன் தலைக்குமேல் இருக்கும், சம்பளம் சொற்பம், ஊர்விட்டு ஊர் போகவேண்டும். கேள்வி நியாயமானதே. சோதனை நடத்தக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் தேவையில்லை. கையேட்டைப் படித்து ஆறு மாதத்தில் பிழையில்லாமல் நடத்திவிடலாம். பிறகு எதற்கு அந்த இரண்டு வருடம்?

1941இல் ஜெனீவாவில் ஆந்த்ரே ரே உருவாக்கிய ஒரு படம் இருக்கிறது. பெரிய செவ்வகம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், ஓரங்களில் ஒட்டிக்கொண்ட சின்னச் சின்ன உருவங்கள், ஒரு மூலையில் மூன்று புள்ளிகளோடு ஒரு வட்டம். எந்தப் பொருளையும் போல இருக்காது. குழந்தை பார்த்து வரையவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, பார்க்காமல் மறுபடி வரையவேண்டும். 18 பகுதிகள், மொத்தம் 36 மதிப்பெண். வரைந்துகொண்டிருக்கும்போதே சோதனை நடத்துபவர் பென்சிலை வாங்கிவிட்டு வேறு நிறம் கொடுப்பார், எது முதலில் வந்தது எது பிறகு வந்தது என்று பின்னால் தெரிவதற்காக.

இரண்டு குழந்தைகள் ஒரே மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தி முதலில் பெரிய செவ்வகத்தைப் போட்டு, கோடுகளை இழுத்து, பிறகு உள்ளே நிரப்புகிறாள். கை நடுங்குவதால் கோடு கோணுகிறது, மதிப்பெண் போகிறது. இன்னொருவன் முகம் மாதிரி இருக்கும் அந்த வட்டத்தில் தொடங்குகிறான். அங்கிருந்து பக்கத்துக் கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. செவ்வகம் ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை, துண்டு துண்டாகச் சேர்த்துத் தாளின் விளிம்புக்கு வந்து முட்டி நிற்கிறான். அரைமணி கழித்துக் கேட்டால் அவளுக்குப் பாதிக்குமேல் ஞாபகம் இருக்கும், அவனுக்கு வட்டமும் இரண்டு கோடும் மிஞ்சும். பள்ளியில் ‘மூன்று காரணங்களோடு கட்டுரை எழுது’ என்றால் அவன் ஏன் மேஜையைத் தள்ளிவிட்டு ஓடுகிறான் என்பதற்கு ஒரு நூல் இங்கே அகப்படுகிறது. பாஸ்டனில் ஈடித் கப்லான் ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: விடை சரியா தப்பா என்பதோடு நின்றுவிடாதே, குழந்தை எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்.

மனநல மருத்துவமனையில் இது இன்னும் சிக்கல். அதே பையன் முந்தின இரவு தூங்கவில்லை. காலையில் மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதால் சேர்க்கப்பட்டவன். பதில் தாமதமாக வருவது மூளையின் வேகமா, மனச்சோர்வா, மருந்தின் மந்தமா, அல்லது இந்தப் பெரியவரை நம்பலாமா என்ற யோசனையா? சின்ன வயதில் அடிபட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் நாலாவது காரணம் ரொம்ப சகஜம். எந்த மதிப்பெண் அட்டவணையும் இதைப் பிரித்துக் காட்டாது. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டும் பேசுபவர்களை வைத்துச் செய்த அட்டவணையால் சொற்களை அளந்தால் என்ன வரும் என்பதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். பயிற்சியில் இருப்பவர் தன் ஊகத்தை எழுதுகிறார். மூத்தவர் அதில் ஒரு வரியை அடித்துவிட்டு, ‘வார்டு நர்ஸிடம் கேட்டாயா?’ என்கிறார். இப்படி நூறு முறை நடந்த பிறகுதான் கை படிகிறது.

பிராட்லி காலத்தில் குழந்தை அங்கே மாதக்கணக்கில் இருந்தது. இன்று அமெரிக்க மனநல வார்டில் ஒரு குழந்தை இருப்பது சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் அதற்குமேல் பணம் தருவதற்குத் தயங்குகின்றன. பிள்ளை வீட்டைவிட்டு வருடக்கணக்கில் பிரிந்திருப்பது நல்லதில்லை என்ற அறிவும் வளர்ந்திருக்கிறது. அந்தப் பழைய இல்லங்களுக்குத் திரும்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. சம்மதம் என்ற சொல்லுக்கே அங்கே அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை. தலைவலி பிளக்கும் என்று தெரிந்தே முதுகில் ஊசி போட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் நீண்ட பார்வை ஒன்று அங்கே இருந்தது, அது எங்கேயாவது இருந்தாகவேண்டும். குழந்தை தங்கிய காலம் சுருங்கிவிட்டது. அதை ஈடுகட்டுவதற்குத்தான் பயில்பவர் இரண்டு வருடம் தங்குகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே பையன் ஏழு மாதம் கழித்துத் திரும்பவும் சேர்க்கப்படும்போது, போன தடவை அவனைச் சோதித்தவர் அங்கேயே இருப்பார். அன்று எழுதிய பரிந்துரையில் எது பள்ளியில் நடந்தது, எது காகிதத்தோடு போனது என்று அவருக்குத் தெரியவரும். தான் எழுதியது பொய்த்துப்போவதைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அது. ஒருநாள் சோதித்து, அறிக்கை எழுதி, அடுத்த குழந்தைக்குப் போகிறவருக்கு அது ஒருபோதும் கிடைக்காது.

பிராட்லியின் கண்டுபிடிப்பே இப்படிக் காத்திருக்கவேண்டியிருந்தது. 1937இல் சொன்னதை மருத்துவ உலகம் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையின் கோளாறுக்குப் பெற்றோரையே காரணம் காட்டிய மனப்பகுப்பாய்வின் காலம் அது. இருபது வருடம் கழித்து, 1957இல், அதே மருத்துவமனையின் அடுத்த தலைமுறை, மாரிஸ் லாஃபரும் எரிக் டென்ஹாஃபும், அப்படிப்பட்ட குழந்தைகளை மறுபடி விவரித்து எழுதினார்கள். இடம் ஒன்றாக இருந்ததும், பார்த்தவர்கள் தங்கள் பார்வையை அடுத்தவர்களுக்குக் கைமாற்றியதும் இல்லாமல் அது நடந்திருக்காது.

இப்போது அந்தக் கைமாற்றுதலுக்குத்தான் நெருக்கடி. கணினித் திரையில் சோதனை வந்துவிட்டது, மதிப்பெண் தானே விழுகிறது, அறிக்கையின் பாதியை மென்பொருள் எழுதித் தருகிறது. காப்பீடு சோதனை நடந்த மணிநேரத்துக்குப் பணம் தருகிறது. வகுப்பறையில் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுது பார்த்ததற்கும், நர்ஸோடு பேசியதற்கும் பெரும்பாலும் தருவதில்லை. இந்த நிலை நீடித்தால் இரண்டு வருடப் பயிற்சி பெயருக்கு இருக்கும், அதில் வருடத்துக்கு இத்தனை அறிக்கை என்ற கணக்குதான் மிஞ்சும். மருத்துவமனைகளும் காப்பீட்டாரும் அந்தக் காலைப்பொழுதுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். உங்கள் பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துப்போனால் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், சோதித்தவர் யாரிடமெல்லாம் பேசினார், ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவாரா என்று கேளுங்கள்.