ஞாயிறு யாருக்கு?

இயற்கையைப் படம் பிடிப்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்பார் உளர். கைப்பேசியே கேமராவாகிவிட்ட இந்நாளில் அக்கூற்று பொருந்துமா?

கடலோரத்தில் வாழும் நமக்குக் காற்றின் ஈரம் ஓர் இடையூறுதான். கேமரா லென்சில் பூஞ்சை படரும். ஆனால் வேதியியல் கைகொடுக்கிறது. இறுக மூடிய டப்பாவில் நீலநிறச் சிலிக்கா ஜெல்லுடன் கேமராவை வைக்கலாம். ஈரம் உறிஞ்சி ஜெல் இளஞ்சிவப்பானால், சூடாக்க மீண்டும் நீலமாகும்.

பிச்சாவரம் சதுப்புநிலக் காடு 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அவ்வளவு தூரம் போக இயலாதோர்க்கு ஊர்க்குளமே போதும்.

என் கவலை வேறு. ஞாயிறன்று நாம் கேமராவுடன் கிளம்புகிறோம். அடுப்படியில் நிற்கும் அன்னைக்கு ஞாயிறு ஏது? என் தாயார் கல்லூரி வாசலை மிதியாதவர். ஆயினும் நான் நூலில் தேடிய கருநிற நீர்ப்பறவையை, படத்தில் அதன் வெண்ணெற்றியைக் கண்டதும், 'நாமக்கோழி' என்று நொடியில் சொன்னார். அவ்வறிவை ஏட்டில் ஏற்ற வேண்டியவர்கள் பட்டம் பெறப்போகும் நாமல்லவா?

நண்பர்களே! வரும் ஞாயிறு சமையலில் பங்கேற்போம். அன்னையையும் குளக்கரைக்கு அழைத்துச் செல்வோம். படத்தின்கீழ் அவர் சொல்லும் பெயரையும் எழுதுவோம்!