கடல் கடந்தால் தோஷம்! விசா கிடைத்தால் பிரசாதம்!

சென்ற மாதம் கோடியக்கரையில் நடந்த ஒரு கூட்டத்திற்குப் போயிருந்தோம். பேச்செல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு ஒரு பெரியவர் நம்மிடம் வந்து, மடியிலிருந்து நாலாய் மடித்த ஒரு வழவழப்பான நோட்டீஸை எடுத்து நீட்டி, "ஐயா, இதுல போட்டிருக்கறது நெசந்தானா? பையன் இங்கிலாந்துல ஒரு வருஷம் படிச்சா, அப்புறம் ரெண்டு வருஷம் அங்கயே வேலையாம். நெலத்தை வச்சுப் பணம் பொரட்டச் சொல்றாங்க" என்று கேட்டார். வேதாரணியத்துக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர். 2018 நவம்பர் 16-ந் தேதி கரையேறிய கஜா புயலில் அதிலிருந்த தென்னையெல்லாம் வேரோடு போய், பிறகு வைத்த கன்றுகள் இப்பொழுதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. அந்த இரண்டு ஏக்கரைத்தான் ஈடு வைக்கப் போகிறார்.

நோட்டீஸின் தலையில் ஒரு பிள்ளையார். அதன் கீழே இங்கிலாந்துக் கொடி. அதற்குங் கீழே, "2026 செப்டம்பர் சேர்க்கை - படிப்புக்குப் பின் 2 வருஷம் வேலை உறுதி" என்று கொட்டை எழுத்து. பிள்ளையாரைப் பிறகு கவனிப்போம். முதலில் கொட்டை எழுத்தைப் பார்ப்போம்.

தோழர்களே, "வேலை உறுதி" என்பது முழுப்பொய். அந்தச் சர்க்கார் கொடுப்பது வேலையல்ல. வேலை தேடிக் கொள்ளவும், கிடைத்தால் செய்யவும் அனுமதி. இது தெரியாமலா நோட்டீஸ் அச்சடித்தார்கள்? இனி "2 வருஷம்" என்பதைப் பார்ப்போம். 2027 ஜனவரி 1-ந் தேதி முதல் மனுச் செய்கிறவர்களுக்கு, டாக்டர் பட்ட ஆராய்ச்சி முடித்தவர் நீங்கலாக, 18 மாதந்தான் என்று அந்தச் சர்க்கார் 2025-ஆம் வருஷமே அறிவித்துவிட்டது. 2026 செப்டம்பரில் போய்ச் சேருகிற பையன் ஒரு வருஷப் படிப்பை முடித்து மனுப் போடும்பொழுது 2027-இல் பாதிக்கு மேல் போய்விடும். ஆக, இந்த நோட்டீஸைப் பார்த்துச் சேருகிற ஒருவனுக்குக்கூட இரண்டு வருஷம் கிடையாது. அச்சடித்த மையே பொய்யாய் அச்சடிக்கப்பட்டிருக்கிறது.

அந்த 18 மாதமும் இனாமல்ல. 2025 ஏப்ரல் மாதத்துக் கட்டணப்படி மனுவுக்கு மட்டும் 880 பவுன். வைத்தியத்திற்கென்று வருஷத்துக்கு 1,035 பவுன் வீதம் தனியாக முன்கூட்டியே கட்ட வேண்டும். (பவுன் என்றால் நம் பெண்கள் கழுத்திலிருக்கும் பவுனல்ல; ஆனால் கடைசியில் அதுவும் அங்கேதான் போகிறது.) கெடு முடிந்தால் அந்த விசாவை நீட்டிக்க வழியில்லை. மேலும் இருக்க வேண்டுமானால், சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்ற ஒரு முதலாளி, குறித்த சம்பளத்திற்குக் குறையாமல் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சம்பள வரம்பு வருஷத்துக்கு 26,200 பவுனாயிருந்தது, 2024 ஏப்ரலில் 38,700 ஆயிற்று. 2025 ஜூலையில் 41,700 ஆயிற்று. புதிதாய் வேலைக்கு வரும் பட்டதாரிக்குச் சலுகை என்று சொல்வதுகூட 33,400. அவ்வளவு கொடுத்து வைத்துக்கொள்ளும் முதலாளி கிடைக்காவிட்டால், கடனோடு கப்பலேற வேண்டியதுதான்.

எந்தத் தேசத்தாரும் தங்கள் வாசலுக்குத் தாங்கள் விதி வைத்துக்கொள்ளலாம். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் கடைக்காரன் விலை சொல்லிப் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்ட பிறகு படியைச் சிறிதாக்கலாமா என்றுதான் கேட்கின்றோம். இங்கிலாந்தில் இந்தப் படிப்புக்குப் பின் வேலை விசாவை 2008-இல் கொண்டுவந்தார்கள். 2012 ஏப்ரலில் மூடினார்கள். மூடினதும் அங்கே போய்ச் சேரும் இந்திய மாணாக்கர் தொகை சில வருஷங்களில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. 2021 ஜூலை 1-ந் தேதி மறுபடியும் திறந்தார்கள். கூட்டம் மறுபடியும் சேர்ந்தது. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்புத் தவிர மற்றதற்குப் போகிறவன் பெண்டு பிள்ளையைக் கூட்டிப் போகக்கூடாதென்றார்கள். அதே வருஷம் மே மாதத்தில் அந்தச் சர்க்கார் கேட்டுக்கொண்ட நிபுணர் குழுவே, இந்த விசாவை வைத்துக்கொள்ளலாம், உள்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் சர்வகலாசாலைகளுக்கு வரும் நஷ்டத்தை வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டும் சம்பளந்தான் ஈடுகட்டுகிறது என்று எழுதிக் கொடுத்தது. அதாவது வேதாரணியத்துத் தென்னந்தோப்பை ஈடு வைத்து வரும் பணம், அந்நாட்டுப் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆதரவாயிருக்கிறது. பணக்கார தேசத்துக்குத் தர்மம் செய்யும் நம் குடியானவனின் தாராளத்தை என்னென்று சொல்வது!

மற்ற தேசங்களும் இதற்கு இளைத்தவை அல்ல. மாணாக்கன் கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகையைக் கனடா 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக்கிற்று. படித்து முடித்தவர் தங்கும் விசாவுக்கு ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் வயது வரம்பைப் பெரும்பாலோருக்கு 50-லிருந்து 35-க்கு இறக்கிற்று.

நிற்க. இனிப் பிள்ளையாருக்கு வருவோம். சென்னை பழவந்தாங்கலில் "விசா கணபதி" என்றே ஒரு பிள்ளையார் இருக்கிறார். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரிலிருக்கும் பாலாஜிக்கு "விசா பாலாஜி" என்று பெயர். விசா வேண்டுமென்று கேட்க 11 சுற்று, கிடைத்துவிட்டால் 108 சுற்று. நம் தஞ்சை ஜில்லாப் பக்கத்து ஜோசியர்களோ, இராகு ஒன்பதில் நின்றால் வெளிநாட்டு யோகம் என்று சொல்லித் திருநாகேசுவரத்துக்கு அனுப்புகிறார்கள். நாம் கேட்கின்றோம்: சம்பள வரம்பு 26,200-லிருந்து 38,700-க்கு ஏறிய அன்று எல்லா மாணாக்கர் ஜாதகத்திலும் இராகு ஒரே சமயத்தில் இடம் மாறிவிட்டாரா? வேதாரணியத்தில் அடைத்துக்கிடந்த கோவில் கதவு பதிகம் பாடித் திறந்ததாகப் புராணம் சொல்லுகிறார்கள். அப்படிப் பாடத் தெரிந்தவர் இன்று யாராவது உண்டானால், சென்னையிலிருக்கும் வெள்ளைக்காரன் விசா ஆபீஸ் வாசலில் ஒரு பாட்டுப் பாடிக் காட்டட்டும். நாமே மேளம் வைத்து அழைத்துப் போகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று கடல் கடக்க அர்ச்சனைச் சீட்டு விற்கும் இதே வைதீகந்தான் நேற்றுவரை கடல் கடந்தவனைப் பதிதன் என்றது. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் 1914-இல் சீமைக்குப் போகத் தாயார் சம்மதம் கிடைத்தது, நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததனால்தான் என்று சொல்லப்படுகிறது. 1919-இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ந் தேதி 32-ஆம் வயதில் இறந்தார். உலகமே மெச்சிய அந்த மனிதருக்குத் தோஷம் கழிக்கவில்லையென்று, உறவினரில் வைதீகர் பலர் சாவுக்குக்கூட வரவில்லை என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அதே காலத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து நம் பள்ளரும் பறையரும் படையாச்சியும் கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஆயிரக்கணக்காய் மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்குத் தோஷம் கழிக்க ஒரு புரோகிதனும் வரவில்லை. கூலிக்காரன் கடலுக்குத் தோஷமில்லை போலும்! அன்று முன்பணம் கொடுத்து ஆளைக் கொண்டு போனார்கள். இன்று நாமே பணத்தைக் கட்டிப் பிள்ளையையும் அனுப்புகிறோம். கடன் மட்டும் அன்றும் இன்றும் நம் தலையில்.

இதையெல்லாம் சொல்வதால் பிள்ளைகள் வெளிநாடு போகக்கூடாதென்று நாம் சொல்லுவதாக யாரும் திரித்துக் கூற வேண்டாம். "தாய்நாட்டில் படித்துத் தாய்நாட்டுக்கே உழைக்கக் கூடாதா?" என்று மேடையில் கண்ணீர் விடுகிறவர்களை நாம் அறிவோம், அவர்கள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் அறிவோம். அம்பேத்கர் 1913-இல் பரோடா மகாராஜா கொடுத்த உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவுக்குப் போனார். படித்த பிறகு பரோடாவிலேயே உத்தியோகம் பார்க்க வேண்டுமென்பது நிபந்தனை. 1917-இல் அந்தப்படியே வந்தார். கொலம்பியா சர்வகலாசாலையில் மனிதனாய் நடத்தப்பட்டவருக்குப் பரோடாவில் தங்க ஒரு அறை இல்லை. பார்சி விடுதியில் ஒளிந்திருந்தவரைத் தடியெடுத்து வந்து துரத்தினார்கள். அவர் பின்னால் எழுதிவைத்த அந்த அனுபவங்களுக்கு "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்பதே தலைப்பு. சொந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டியிருந்தவன், அயல்நாட்டு விசாவுக்கு அலைவதில் என்ன தப்பு? போகட்டும். போகிறவன் ஏமாறாமல் போகட்டும்.

அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு சர்க்காரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் சொல்லுகிறது. படிப்புக்கு ஆள் சேர்க்கும் கம்பெனி அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. நோட்டீஸில் "வேலை உறுதி" என்று போட்டு ஆள் பிடிக்கிறவனையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஓட்டு வாங்கிப் போனவர்கள் இதற்கு ஒரு நாள் வாயைத் திறந்தால் குடி முழுகிவிடாது.

கோடியக்கரைப் பெரியவரிடம் நாம் இவ்வளவும் சொல்லி, "இரண்டு வருஷம் கிடைக்காவிட்டால் வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பித் தருகிறோம் என்று அந்தக் கம்பெனியாரிடம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி வாருங்கள், பிறகு பத்திரம் எழுதலாம்" என்று சொல்லி அனுப்பினோம். பத்து நாள் கழித்து நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டோம். மடியை அவிழ்த்துக் காட்டினார். ஒரு விபூதிப் பொட்டலமும், பிள்ளையார் படம் போட்ட ஒரு காலண்டரும் இருந்தன. பத்திரம் எழுத வெள்ளிக்கிழமை நாள் நன்றாயிருக்கிறதென்று கம்பெனியாரே அதில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.