ஒரே உறையில் இரண்டு கத்தி

"மைஎஸ்க்யூஎல் ஓடுகிற சர்வரில் போஸ்ட்கிரெஸ்ஸைப் போடாதே, இரண்டும் அடித்துக்கொள்ளும்." இந்த இரண்டு டேட்டாபேஸ்களைப் பற்றி கம்ப்யூட்டர் துறையில் இது வேதவாக்கு. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காதாம். ஏன் என்று கேட்டால், சீனியர் சொன்னார் என்பார்கள். அவருக்கு அவருடைய சீனியர் சொல்லியிருப்பார்.

எதற்காக அடித்துக்கொள்ளும்? மைஎஸ்க்யூஎல்லின் போர்ட் 3306, போஸ்ட்கிரெஸ்ஸின் போர்ட் 5432. லினக்ஸில் இரண்டுக்கும் தனித்தனி யூசர், தனித்தனி டைரக்டரி. ஒன்றின் கோப்பை மற்றது திறந்து பார்க்கக்கூட முடியாது. நிஜமாக முட்டிக்கொள்கிறவை பங்காளிகள்தான்: மைஎஸ்க்யூஎல்லும், 2009இல் அதிலிருந்து பிரிந்த மரியாடிபியும். இரண்டுக்குமே 3306தான் வேண்டும்.

"போன தடவை போட்டபோது சர்வர் படுத்துவிட்டதே?" படுத்திருக்கும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய சர்வரில் டேட்டாவைத் தாங்கும் பஃபர் பூலுக்கு 80 சதவீதம் வரை மெமரி தரலாம் என்கிறது மைஎஸ்க்யூஎல் கையேடு. அதேபோல் ஒதுக்கிய சர்வரில் 25 சதவீதத்தில் தொடங்கு என்கிறது போஸ்ட்கிரெஸ் கையேடு. 16 ஜிபி மெஷினில் இரண்டையும் அப்படியே காப்பியடித்தால் 12.8, 4, ஆக மொத்தம் 16.8 ஜிபி. லினக்ஸுக்கென்று ஒரு துளி மிஞ்சாது. மெமரி தீர்ந்ததும் கர்னல், அதிகம் தின்கிற புராசஸாகப் பார்த்துக் கொல்லும். பெரும்பாலும் மாட்டுவது மைஎஸ்க்யூஎல். பழி மட்டும் போஸ்ட்கிரெஸ் தலையில். இரண்டு கையேடுகளிலும் இருந்த "ஒதுக்கிய சர்வரில்" என்ற நிபந்தனையை யாரும் படிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அதே மெஷினில் மைஎஸ்க்யூஎல்லுக்கு 5 ஜிபி, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 2 ஜிபி என்று வைத்து மீதியை விட்டுவிடுங்கள். லினக்ஸின் ஃபைல் கேஷை நம்பித்தான் போஸ்ட்கிரெஸ் வாழ்கிறது. அந்த மீதி வீணாகாது. இன்னும் பயம் தெளியாதவர்கள் சிஸ்டம்டியில் ஒவ்வொன்றுக்கும் மெமரி உச்சவரம்பு கட்டிவிடலாம். மற்றபடி, போஸ்ட்கிரெஸ்ஸின் வொர்க்மெம் என்ற மெமரி அளவை 256 எம்பி ஆக்கி நூறு கனெக்‌ஷனைத் திறந்துவிடுகிறவர் கையில், தனியாக ஓடும் போஸ்ட்கிரெஸ்ஸும் தப்பாது.

இந்தப் பயத்துக்குப் பணம் கட்டுவது சின்ன நிறுவனங்கள். வெப்சைட் வேர்ட்பிரஸ்ஸில், அதற்கு மைஎஸ்க்யூஎல்லோ மரியாடிபியோ வேண்டும். கணக்கும் ஸ்டாக்கும் ஓடூ மென்பொருளில். அதற்கு போஸ்ட்கிரெஸ்ஸைத் தவிர வேறெதுவும் ஆகாது. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு இரண்டு சர்வர், இரண்டு பேக்கப், மாதாமாதம் இரண்டு வாடகை. இதில் ஒரு வேடிக்கை: பலர் "பிரித்துவிட்டோம்" என்று சொல்வது ஒரே ஹோஸ்டில், ஒரே டிஸ்க்கில் இருக்கும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை. டிஸ்க் நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம்தான் இரண்டாகிவிட்டது. பிரிக்காமல் இரண்டு டேட்டாபேஸின் டேட்டாவும் ஒரே வால்யூமில் இருந்தாலோ, ஒரே ஸ்னாப்ஷாட்டில் இரண்டையும் ஒரே கணத்து நிலையில் பிடித்துவிடலாம். இந்த வசதியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிரிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க்கில் எழுதி உறுதி செய்கின்றன. எழுத்து வேலை கூடினால் டிஸ்க்கில் வரிசை நீளும். மெஷின் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். அந்த ஆபத்தைத் தாங்க முடியாதவர்களும், டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் காத்திருப்பு நேரம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்களும் தாராளமாக இரண்டாவது சர்வர் வாங்கட்டும். பார்க்காமலே வாங்கச் சொல்கிற கன்சல்டன்ட்டிடம் அந்த ஐஓஸ்டாட் கணக்கை முதலில் கேளுங்கள்.