உரிமைச் சான்று மட்டும் கலையைக் காக்காது

2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், ‘பீப்பிள்’ எனப்படும் அமெரிக்கக் கலைஞரின் டிஜிட்டல் படைப்பை, பிளாக்செயின் என்ற பகிர்ந்த இணையப் பதிவேட்டில் உரிமையைக் குறிக்கும் டோக்கனாக, ஏறத்தாழ 6.93 கோடி டாலருக்கு விற்றது. கணினிக் கலையே அன்றுதான் பிறந்தது என்பது போன்ற எண்ணம் அதன்பின் பரவியது. உண்மையில், ‘ஜோடி’ என்ற இருவர் குழுவும் மாஸ்கோவின் ஓல்யா லியாலினாவும் 1990-களின் நடுவிலேயே இணையத்தைக் கருவியாகவும் காட்சிக்கூடமாகவும் ஆக்கிவிட்டார்கள். போரிலிருந்து திரும்பிய காதலனைப் பற்றி லியாலினா 1996-இல் உருவாக்கிய படைப்பு, பார்ப்பவர் சொடுக்கச் சொடுக்கச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்துகொண்டே போகும். பிளாக்செயின் கலையும் இந்த மரபில் வந்ததுதான். 2014 மே மாதம் நியூயார்க்கில், இணையக் கலைக்கான ரைசோம் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் அதன் முன்மாதிரியைக் காட்டிய இருவரில் ஒருவரான கெவின் மெக்காய், ஏற்கெனவே இணையக் கலைஞராக அறியப்பட்டவர்.

அந்த மரபு தரும் பாடத்தை இன்றைய சந்தை கற்கவில்லை. 1997-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியின் இணையதளம் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது, கலைஞர் வூக் சோசிச் அதை முழுவதுமாக நகலெடுத்து வைத்தார். ஷூ லீ செங்கின் ‘பிராண்டன்’ (1998) பழுதடைந்தபோது, குகன்ஹைம் அருங்காட்சியகம் வல்லுநர்களைக் கொண்டு அதன் நிரல்களைச் சீரமைத்தது. அக்காலப் படைப்புகளை வாழவைத்தவை நகலும் பராமரிப்பும்தான். பிளாக்செயினோ பெரும்பாலும் படத்தைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. உரிமையாளர் யார், படம் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே குறித்து வைக்கிறது. பட்டா கையில் இருப்பதால், நிலத்தை ஆறு அரித்துக்கொண்டு போவது நின்றுவிடாது.

கலைஞர் பிழைக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னோடிகள் பலருக்கு வருமானம் கிட்டவில்லை. டோக்கன் பலருக்கு அதைத் தந்தது. ஆனால் மறுவிற்பனையில் தானாக வந்து சேரும் என்று சொல்லப்பட்ட ராயல்டி, விற்பனைத் தளங்களின் தயவில்தான் இருந்தது. அதைக் கட்டாயமாக வசூலிப்பதைக் கைவிடுவதாக ஓப்பன்சீ என்ற விற்பனைத் தளம் 2023-இல் அறிவித்தபோது இது வெளிப்பட்டது. சேமிப்பைப் பொறுத்தவரை, 2019-இல் வந்த ‘ஆட்டோகிளிஃப்ஸ்’ போல நிரல் முழுவதையும் பிளாக்செயினுக்குள்ளேயே வைத்த படைப்புகளும் உண்டு. அது வரவேற்கத்தக்கது; ஆனால் செலவு காரணமாக மிகச் சிறிய நிரல்களுக்கே அது பொருந்தும். மின்சார விரயம் என்ற பழைய குற்றச்சாட்டை, எத்தீரியம் என்ற பிளாக்செயின் 2022 செப்டம்பரில் செய்த மாற்றம் பெருமளவு தீர்த்துவிட்டது. எனவே தொழில்நுட்பத்தை வெறுக்கக் காரணமில்லை. உரிமைப் பதிவையே பாதுகாப்பு என்று விற்பதைத்தான் எதிர்க்க வேண்டும்.

ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென ஒதுக்குவதை ஏல நிறுவனங்களும் விற்பனைத் தளங்களும் விதியாக்க வேண்டும். கோப்பு எங்கே இருக்கிறது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். ஆவணக் காப்பகங்கள் நகலெடுக்கக் கலைஞர்களும் வாங்குவோரும் அனுமதி தர வேண்டும். டோக்கனை மட்டும் பெற்றுக்கொண்டு, படைப்பையே சேகரித்துவிட்டதாக எந்த அருங்காட்சியகமும் கணக்குக் காட்டக் கூடாது.