சான்று கேட்போர்க்கு மட்டுமா கெடு?

வியாபாரச் சின்னத்தின் உரிமையைப் பிறருக்கு மாற்றுமுன் பதிவாளரிடம் சான்று கோருவோரைச் சட்டம் ஆறு மாதக் கெடுவால் கட்டியிருக்க, அச்சான்றை வழங்க வேண்டியவர்க்கு யாதொரு கெடுவும் குறிக்காமலே 2017 மார்ச்சில் புதிய விதிகளை வகுத்து முடித்த மத்திய அரசினர், இன்றளவும் அக்குறையைத் திருத்த மனங்கொள்ளாதிருப்பது நமக்கு ஆச்சரியத்தினும் எரிச்சலையே விளைவிக்கிறது.

ஜேடர்பாளையத்திலும் பிலிக்கல்பாளையத்திலும் கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சும் குடும்பங்களுக்கு இது தூரத்து விவகாரமன்று. தாம் பதிவு செய்த சின்னத்தைத் தம் காலத்திலேயே மூத்த மகனுக்கு வெல்லத்துக்கும், இளையவனுக்கு நாட்டுச் சர்க்கரைக்குமாகப் பிரித்துக்கொடுக்க ஒருவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சின்னம் இரு கைகளிலிருந்து வாங்குவோரை மயக்குமாயின் அம்மாற்றம் செல்லாது என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. நியாயமான விதிதான், அதில் நமக்குத் தகராறில்லை. பத்திரம் எழுதுமுன் விவரங்களைச் சமர்ப்பித்து, செல்லுமா செல்லாதா எனப் பதிவாளரிடமே சான்று பெறலாம் என்று அப்பிரிவே வழியும் காட்டுகிறது. கேரளத்துக்கு ஒருவர், வடநாட்டுக்கு ஒருவர் என்று பிரிப்பதாயின் 41-ஆம் பிரிவின்படி பதிவாளரின் இசைவு வேண்டும்.

சாதகமான சான்று பிறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் புதிய உரிமையாளர் பெயரைப் பதிய விண்ணப்பிக்காவிடில், முடிவானது என்னும் அதன் பலம் போய்விடுகிறது. அச்சான்று எப்போது பிறக்கும்? அதற்குத்தான் விடையில்லை. பத்திரம் எழுத வழியின்றி, மூட்டையில் எந்தப் பெயரை அச்சிடுவதென்று தெரியாமல், ஆலை ஓடும் பருவமும் பொங்கல் வியாபாரமும் கடந்துபோகும் வரை காத்திருப்பவன் வியாபாரி; காக்க வைப்பவருக்கோ கேள்வியில்லை. மாற்றத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதற்குக் கால அளவு வேண்டுமென்று 2010-இல் சட்டத்தையே திருத்தியவர்களுக்கு, அதற்கு முந்தைய படியான சான்றும் ஒரு மேஜையைக் கடந்துதான் வரவேண்டும் என்பது தோன்றவில்லை போலும். 74 படிவங்களை 8 ஆகச் சுருக்கினோம் என்று பெருமை பேசினார்களே, படிவம் குறைந்தால் நாள்களும் குறையும் என்று அவர்களுக்கு உபதேசித்தவர் யார்?

இவர்களிடம் நாம் அதிகம் எதிர்பார்த்ததும் பிசகு. சின்னப் பதிவகத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளைக் காணோம் என்று கையை விரித்தவர்கள் இவர்கள். 2016 மார்ச்சின் கடைசி நாள்களில், லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை, விண்ணப்பித்தவர் கைவிட்டதாகத் தாமே தீர்மானித்துத் தள்ளி, தில்லி உயர்நீதிமன்றம் தடுத்த பிறகே நின்றவர்களும் இவர்களே. பதிவாளரின் முடிவுகள்மீது மேல்முறையீட்டுக்கென 2003-இல் சென்னையில் அமைந்த வாரியத்தின் தலைவர் நாற்காலியை மாதக்கணக்கில் காலியாக வைத்திருந்து, 2021 ஏப்ரலில் வாரியத்தையே அவசரச் சட்டத்தால் ஒழித்தார்கள். ஒழிப்பதில் மட்டும் எத்தனை துரிதம்! சென்னைக் கிண்டியிலுள்ள பதிவக அலுவலகத்தின் முடிவு பிடிக்காத வெல்ல வியாபாரி இனி உயர்நீதிமன்ற வக்கீலைத்தான் தேட வேண்டும்.

விதியைத் திருத்துவார்களோ, சுற்றறிக்கை விடுவார்களோ, வேறு எம்மார்க்கம் காண்பார்களோ, அது அவர்கள் பாடு. ஏதேனும் ஒன்றை அடுத்த கரும்பு வெட்டுக்கு முன்னராவது செய்யட்டும்.