முதுகுல குத்தலாம், லேட்டா வரக்கூடாது

நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிக்கும் ஆன்லைன் ஸ்ட்ராட்டஜி கேம் பெரும்பாலும் சண்டையில் முடிவதில்லை. யாரோ ஒருத்தருடைய டர்னில் அப்படியே நின்றுவிடும். நாம் ஹாஸ்டல் வைஃபையைத் திட்டுவோம், இன்டர்னல்ஸைத் திட்டுவோம். என்னைக் கேட்டால் காரணம் வேற. முதல் டர்னுக்கு முன்னாடி யாரும் உட்கார்ந்து விதி பேசவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. சிவிலைசேஷன் 6-ல் 'பிளே பை கிளவுட்' என்று ஒரு முறை இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டாம். ஒருத்தர் முடித்ததும் அடுத்தவருக்கு டர்ன் போகும். வேகமான 'ஆன்லைன்' ஸ்பீடிலேயே மொத்தம் 250 டர்ன். 6 பேர், ஆளுக்கு ஒரு நாள் எடுத்தால் 1500 நாள். நாம பி.இ. முடித்துவிடுவோம், ஆட்டம் முடியாது. "டைம் கிடைக்கும்போது ஆடு மச்சி" என்பது விதியே இல்லை.

'டிப்ளமசி' என்ற போர்டு கேம் 1959-ல் விற்பனைக்கு வந்தது. 7 பேர், பகடை கிடையாது. ரகசியமாகக் கூட்டணி பேசலாம், சத்தியம் பண்ணிவிட்டு முதுகில் குத்தலாம். 1963-லிருந்து இதைத் தபாலிலேயே ஆடியிருக்கிறார்கள். ஆனால் கெடு தேதி முக்கியம். உத்தரவு வரவில்லை என்றால் உங்கள் படை அந்த இடத்திலேயே நிற்கும், ஆட்டம் நகர்ந்துவிடும். பொய்க்கு அனுமதி தந்த ஆட்டமே தாமதத்துக்கு அனுமதி தரவில்லை.

"விளையாட்டுக்குப் போய் எதுக்குடா இவ்வளவு சட்டம், நமக்குள்ள என்ன?" என்று கேட்பீர்கள். தெரு கிரிக்கெட் ஆடாதவர்களா நாம்? சுவர் தாண்டினால் அவுட், ஒன் பிட்ச் கேட்ச் உண்டா இல்லையா, எல்லாம் முதல் பந்துக்கு முன்னாடியே பேசினோம். "நமக்குள்ள என்ன" என்பதை எப்போதும் லேட்டாக ஆடுபவர்தான் சொல்வார். நேரத்துக்கு ஆடுபவர் சும்மா காத்துக்கொண்டிருப்பார்.

பேச வேண்டியவை அதிகம் இல்லை:

1. ஒரு டர்னுக்கு எத்தனை மணி நேரம்? செமஸ்டர், பிளேஸ்மென்ட் நாட்களில் ஆட்டத்தை நிறுத்துவதானால் தேதியை முன்கூட்டியே குறிக்க வேண்டும்.

2. நேரம் தாண்டினால் என்ன? ஏஐ ஆடுமா, பதில் ஆளா? ஒவ்வொருவரும் பதில் ஆளின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

3. எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்த்தும் ஆட்டமா? டர்னின் கடைசி நொடியில் ஒரு அடி, அடுத்த டர்னின் முதல் நொடியில் இன்னொரு அடி என்றால் எதிராளிக்குத் திருப்பி அடிக்க இடமே இல்லை. இதுதான் 'டபுள் மூவ்'. போர் நடக்கும்போது போன டர்னில் இரண்டாவதாக நகர்த்தியவர் இந்த டர்னில் காத்திருக்க வேண்டும்.

4. நெட் போனால் பழைய சேவுக்குத் திரும்பலாமா? யார் முடிவு செய்வது? பாதிக்கப்பட்டவரும் பயனடைந்தவரும் கண்டிப்பாகக் கூடாது.

5. நடுவில் விதியை மாற்ற எல்லாரும் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆட்டத்திலிருந்துதான். ஜெயிக்கிறவன் விதி எழுத ஆரம்பித்தால் தோற்கிறவன் ஆட வரமாட்டான்.

இதை ஃபைனல் இயர் மக்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் நைட் ஷிஃப்ட், ஒருத்தர் எம்.எஸ். படிக்க வேறு டைம் ஸோன். பக்கத்து ரூம் கதவைத் தட்டி "டேய், உன் டர்ன்டா" என்று எழுப்ப முடியாது. பிறந்தநாள் வாழ்த்தைத் தாண்டி நம்மைத் தினமும் பேச வைக்க ஒரு ஆட்டத்தால் முடியும். அதற்கு அரை மணி நேரம் உட்கார்ந்து விதிகளை எழுதி குரூப்பில் பின் பண்ணுங்கள். அப்புறம் தாராளமாக முதுகில் குத்துங்கள்.