நன்னடத்தைச் சான்றிதழ்

ஹாஸ்யம் எழுதும் யூதனைப் பார்த்து அவன் சொந்த ஜனங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: 'யூதரல்லாதவர்கள் இதைப் படித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?' பிலிப் ராத் 1959-லேயே இதை எதிர்கொண்டார். அந்த வருஷம் நியூயார்க்கரில் வெளிவந்த அவர் கதையில் ஒரு யூதச் சிப்பாய், தன் யூதத்தன்மையைச் சொல்லியே யூத ஸார்ஜன்ட்டிடம் சலுகை கறக்கிறான். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 1969-ல் 'போர்ட்னாய்ஸ் கம்ப்ளெய்ன்ட்' வந்தது. யூத விரோதிகள் வேண்டிக்கொண்டிருந்த புத்தகம் இதுதான் என்று எழுதியவர் சாமானியரல்ல. யூத மறைஞான மரபை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம்.

ஷோலெமின் அண்ணன் 1940-ல் புஹன்வால்ட் முகாமில் கொல்லப்பட்டவர். ஆகவே அவர் பயம் நிஜமானது. முடிவுதான் தவறு. விரோதி ஆதாரத்துக்காகக் காத்திருக்கிறான் என்று அது நம்புகிறது. யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் 'ஸீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' 1903-ல் ருஷ்யாவில் அச்சேறியது. அதில் பக்கம் பக்கமாக இருப்பது, மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி மோரீஸ் ஜோலி 1864-ல் எழுதிய அங்கத நூலிலிருந்து திருடியது. ஜோலியின் நூலுக்கும் யூதர்களுக்கும் சம்பந்தமே இல்லை. 1921-ல் லண்டன் டைம்ஸ் இத்திருட்டை அம்பலப்படுத்திய பிறகும் நாஜிகள் அதைப் பரப்பினார்கள். வெறுப்பு தனக்கு வேண்டிய ஆதாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். யூதன் வாயை மூடிக்கொண்டிருப்பதால் அது நிற்பதில்லை.

போர்ட்னாய் யார்? பாரபட்சத்துக்கு ஆளானவர்களுக்காகப் போராடும் நியூயார்க் நகராட்சி அதிகாரி. மனோவைத்தியர் முன் படுத்துப் புலம்பும்போது காமத்தில் அலைகிறவன். அவன் வியாதி ஒழுக்கக்கேடல்ல. 'நல்ல யூதப் பிள்ளை'யாக இருந்தே தீரவேண்டிய நிர்ப்பந்தம். விரோதி வரைந்த கேலிச்சித்திரம், சமூகம் வரைந்த புனிதச்சித்திரம் இரண்டையும் ராத் ஒரே வாயால் பேசவைத்து, இரண்டையும் நாறடிக்கிறார். கொச்சை இல்லாமல் இக்காரியம் நடவாது.

தன்னைத் தாழ்த்தி, 'நான் ஆபத்தில்லாதவன்' என்று பெரும்பான்மையிடம் பல்லிளிக்கும் ஹாஸ்யமும் உண்டு. அதுவும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும் மனுதான். ராத்தின் சிரிப்பு யாருக்கும் மனுப் போடவில்லை.

யூதனை உத்தமனாகக் காட்டு என்பவர், அவனை விசாரிக்கும் அதிகாரத்தை விரோதியின் கையிலேயே கொடுத்துவிடுகிறார். பிறகு உத்தமனுக்கு மட்டுமே உயிர்வாழும் உரிமை என்றாகிவிடும். அற்பனுக்கும், ஆசைக்காரனுக்கும், அம்மாவைத் திட்டுகிறவனுக்கும் அந்த உரிமை உண்டு.